சொந்த ஊர்

வெளிமாநிலத்தில் இரு தமிழர் சந்தித்தால் முதலில் எழும் கேள்வி, "தங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பதே. இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில், தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் தமிழரை இவ்வாறு கேட்டால், சிலர் பாட்டன் விட்டுவந்த கிராமத்தைச் சொல்லுவர். சிலர் தாம் பிறந்த எஸ்டேட்டைச் சொல்லுவர்.

ஜெர்மன் மொழியில் இதற்கு நெருங்கிய சொல் 'ஹைமாட்'. வீடு என்னும் பொருளுடைய 'ஹைம்' என்பதே இதன் வேர். இன்று இச்சொல் பிறந்த மண்ணையும் அதன்மேல் உள்ள பற்றையும் குறிக்கும். முற்காலத்திலோ, தென்பகுதிக் குடியானவர் வழக்கில், ஒருவனுக்கு உரிய வீட்டையும் நிலத்தையுமே குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் 'ஹைமாட்ரெக்ட்', அதாவது ஊருரிமை, என்றொரு சட்டம் வழங்கிற்று. அவ்வுரிமை உடையவன் வறுமையுற்றால் அவனைத் தாங்குவது ஊரின் கடமை. பிழைக்கப் போன இடத்தில் நலிந்தவனையோ, உரிமையுள்ள ஊருக்கே திருப்பி அனுப்பினர்.

இப்பழம்பொருளை லயத்திலே வைத்துப் பார்ப்போம். லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தம். உழைக்கும் வரையில் அதில் குடியிருக்கலாம். ஓய்வு பெற்றபின், குடும்பத்தில் வேறொருவர் அங்கு வேலையில் இல்லையெனில், வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். பாட்டன் ஊரிலோ பலருக்குக் காணி நிலமும் எஞ்சவில்லை. நினைவில் இரண்டு ஊர்கள். உரிமையில் ஒன்றும் இல்லை!

தளர்ந்த காலத்தில் "இங்கே இரு" என்று சொல்லும் ஊரே சொந்த ஊர். மும்பையிலும் தில்லியிலும் வாழும் நாமும், அந்தக் கேள்வியை அடுத்த முறை கேட்கும்போது இதனை எண்ணிப் பார்ப்போமாக.