குண்டு வீசிய கரம், நோயாளியைத் தாங்கிய கரம்

(ஹம் நகரில், போரால் மாற்றுத்திறனாளிகளானோருக்கு நிதி சேர்க்கும் மாலை நிகழ்வுக்கான உரையின் எழுத்து வடிவம்)



1990ஆம் ஆண்டு யூலை 21ஆம் நாள் மாலை, பேர்லின் நகரின் பொட்ஸ்டாமர் பிளாட்ஸ் வெளியில் இலட்சக்கணக்கான மக்கள் திரண்டிருந்தனர். பேர்லின் சுவர் திறக்கப்பட்டு எட்டு மாதங்களே கடந்திருந்தன. இரு யேர்மனிகளும் இன்னும் ஒன்றாகவில்லை. இசைக்கலைஞர் ரொஜர் வோட்டர்ஸ் நடத்திய அந்தப் பெரும் இசை நிகழ்ச்சி, பேரிடர்களில் அல்லலுறும் மக்களுக்கான நிதி ஒன்றுக்காக ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. ஊதல் ஒன்றை ஊதி அதனைத் தொடக்கி வைத்தவர் எழுபத்திரண்டு வயதான ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் லெனார்ட் செஷயர்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படையின் குண்டுவீச்சு விமானியாக, இதே யேர்மனியின் வானில் இரவிரவாகப் பறந்தவர் அவர். நூறு தடவைகள் தாக்குதலுக்குப் புறப்பட்டு உயிரோடு திரும்பியவர். அத்தகைய ஒருவர், தம் குண்டுகளைக் கண்ட நாட்டின் தலைநகரில் நின்று, துன்புறுவோருக்காக உதவி கேட்டார். அதற்கு அவருக்கு என்ன உரிமை இருந்தது? அவருடைய வாழ்வைப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

இக்கேள்வியை எழுப்ப ஹம் நகரை விடப் பொருத்தமான இடம் அரிது. தொடருந்துப் பாதைகள் பல வந்து கூடும் நகரம் இது. போர்க்காலத்தில் இங்கிருந்த சரக்கு வண்டித் தரிப்பிடம் ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருந்தது. அதனாலேயே நேச நாடுகளின் விமானங்கள் ஆண்டுக்கணக்கில் இந்நகரைத் தேடி வந்தன. 1944 ஏப்பிரல் 22இல் மட்டும் நூற்றுக்கணக்கான அமெரிக்க விமானங்கள் வந்து குண்டு வீசின. போர் முடிந்தபோது பழைய நகரின் பெரும்பகுதி இடிபாடாகக் கிடந்தது. 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தால் உலகத் தமிழர் இன்று அறிந்திருக்கும் ஹம், சாம்பலிலிருந்து கட்டியெழுப்பப்பட்ட ஊர். இங்கே பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்களுடைய பாட்டன் பாட்டிமாரில் பலர், பதுங்குமிடங்களில் இரவுகளைக் கழித்தவர்கள்.

விமானத்தின் இரைச்சல் கேட்டதும் குழந்தைகளை அள்ளிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். 1995 யூலை 9ஆம் நாள், நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது இலங்கை வான்படையின் குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே, குண்டுவீச்சு விமானி ஒருவரின் கதையைத் தமிழர் வெறும் வீரக்கதையாகக் கேட்க முடியாது. கீழே நின்று மேலே பார்த்தவர்களின் கண்களோடுதான் கேட்க முடியும். அப்படிக் கேட்பதே நியாயமுமாகும்.

செஷயர் 1917இல் பிறந்தவர். 1936இல், மாணவப் பருவத்தில், பேர்லினுக்கு அருகேயுள்ள பொட்ஸ்டாமில் ஒரு யேர்மன் குடும்பத்தோடு தங்கியிருந்தார். இட்லரின் கூட்டமொன்றைக் காணச் சென்றபோது, சுற்றி நின்றோர் அனைவரும் கையுயர்த்தி வணங்க, அவர் மட்டும் மறுத்து நின்றார். போர் தொடங்கியதும் விமானியானார். இருபத்தைந்து வயதிலேயே வான்படையின் உயர் பதவியொன்றை எட்டினார். பின்னர் தாமே விரும்பிப் பதவியில் ஒரு படி இறங்கி, 617ஆவது அணியின் தலைமையை ஏற்று மீண்டும் பறக்கச் சென்றார். 1944இல் பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதான விக்ரோறியா சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பணியாற்றிய ஏறத்தாழ 125,000 விமானப் பணியாளருள் 55,573 பேர் திரும்பவில்லை. தரையில் மாண்ட யேர்மனியப் பொதுமக்களின் தொகையோ பல இலட்சம்.

அவருடைய போர்வாழ்வில் இரு நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 1944 பெப்ரவரியில் பிரான்சின் லிமோஜ் நகரில் நடந்தது. யேர்மனியருக்காக இயங்கிய விமான இயந்திரத் தொழிற்சாலையை அழிப்பது கட்டளை. உள்ளே இரவு வேலையில் பிரெஞ்சுப் பெண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தனர். செஷயர் தொழிற்சாலையின் கூரைக்கு மேலாக மிகத் தாழ்வாக மீண்டும் மீண்டும் பறந்தார். அந்த எச்சரிக்கையை உணர்ந்து தொழிலாளர் வெளியேறிய பின்னரே குறியை ஒளியிட்டுக் காட்டினார். தாழப் பறந்தால் சுட்டு வீழ்த்தப்படும் ஆபத்து அவருக்கே. அந்த ஆபத்தை அவர் ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது, 1945 ஓகஸ்ட் 9. நாகசாகி மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, பிரித்தானியாவின் பார்வையாளராகத் தொலைவில் பறந்த விமானமொன்றில் அவர் இருந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் மாண்டவர் ஏறத்தாழ 70,000 பேர். அந்தக் குண்டுக்கு எச்சரிக்கையும் இல்லை, விலகி ஓட வழியும் இல்லை.

நாகசாகியைக் கண்டு மனம் உடைந்தே அவர் தொண்டில் இறங்கினார் என்று பலர் எழுதியதுண்டு. அதனை அவர் ஏற்கவில்லை. அணுகுண்டு போரை முடித்து வைத்தது என்பதே அவர் கருத்தாக இருந்தது. இக்கருத்தோடு உடன்பட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆனால் தமக்குப் பொருந்தாத கழுவாய்க் கதையைப் போர்த்திக்கொண்டு புகழ் தேடாத அவரது நேர்மை கவனிக்கத்தக்கது.

அவரது தொண்டு தொடங்கிய விதம் மிக எளிமையானது. போருக்குப் பின் முன்னாள் படையினர் கூடிவாழும் குடியிருப்பொன்றை அமைத்தார். அது கடனில் முடிந்தது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் லீ கோர்ட் என்ற பெரிய வெற்று வீடு மட்டும் எஞ்சியது. 1948இல் ஆதர் டைக்ஸ் என்பவர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். மருத்துவமனை இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றது. போக்கிடம் இல்லை. செஷயர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார். சமைத்தார், குளிப்பாட்டினார், படுக்கை மாற்றினார், கடைசி மூச்சு வரை உடனிருந்தார். அவ்வாண்டு ஓகஸ்டில் டைக்ஸ் இறந்தார். அதற்குள் வேறு நோயாளரும் வாசலுக்கு வந்துவிட்டனர்.

அந்த ஒரு படுக்கையிலிருந்து வளர்ந்தவையே செஷயர் இல்லங்கள். நடுவில் அவரே காசநோயால் ஈராண்டுக்கு மேல் படுக்கையில் கிடந்தார். எழுந்ததும் இந்தியா சென்று 1950களில் அங்கும் இல்லங்களைத் தொடங்கினார். 1959இல் பம்பாயில் சூ றைடரை மணந்தார். போருக்குப் பின் யேர்மனியில் தங்கி, வதைமுகாம்களிலிருந்து மீண்டோருக்கும் நாடற்றோருக்கும் உழைத்த பெண்மணி அவர். பின்னாளில் இலங்கை உட்பட ஏறத்தாழ ஐம்பது நாடுகளில் இவ்வில்லங்கள் பரவின. 1992 யூலை 31இல் செஷயர் இறந்தார். இறுதிக் காலத்தில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோயால் அவரும் பிறர் கையை நம்பி வாழ வேண்டியிருந்தது.

பேர்லின் மாலைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் போர்களில் மாண்ட ஒவ்வோர் உயிருக்கும் ஐந்து பவுண் வீதம் சேர்த்து, பேரிடரில் தவிப்போருக்குக் கொடுப்பது அந்த நிதியின் நோக்கம். இலட்சக்கணக்கானோர் வந்தும், எதிர்பார்த்த தொகை சேரவில்லை. எதிர்ப்பக்கத்தில், எந்த மேடையும் இன்றி ஒரு நோயாளிக்குப் படுக்கை விரித்த செயல் பல்லாயிரவருக்கு வீடானது.

பெற்றோரே, இதிலிருந்து பெறும் செய்தி தெளிவானது. நிதி மாலைகள் தேவை. சேரும் ஒவ்வொரு யூரோவுக்கும் மதிப்புண்டு. ஆயினும் செயற்கைக் கால் ஒன்று தேய்ந்தால் மாற்ற வேண்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குப் படுக்கைப் புண் வராமல் நாள்தோறும் பார்க்க வேண்டும். வளரும் பிள்ளைக்குப் பழைய சக்கர நாற்காலி போதாது. 2009இல் போர் முடிந்தாலும் இத்தேவைகள் முடியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தொகை தருவதை விட, மாதந்தோறும் தவறாது தரும் சிறுதொகை அவர்களுக்கு அதிக உறுதி தரும். யாருக்குக் கொடுக்கப்பட்டது, எவ்வாறு செலவானது என்று கணக்குக் கேட்பதும் கொடுப்பவரின் கடமையே.

இளையோரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹம் நகரில் நிலத்தைத் தோண்டும்போது வெடிக்காத குண்டுகள் இன்றும் வெளிப்படுகின்றன. வீதிகள் மூடப்பட்டு மக்கள் வெளியேற்றப்படுகின்றனர். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு போர் இப்படித் தன் மீதியைக் காட்டுகிறது. அடுத்த முறை அத்தகைய அறிவித்தல் வரும்போது, உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ அவர்கள் இருந்த பதுங்குகுழியைப் பற்றிக் கேளுங்கள். அடுத்த வீட்டு யேர்மனிய மூதாட்டியிடமும் கேளுங்கள். இரு கதைகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது வியப்பளிக்கும்.

செஷயருக்கு என்ன உரிமை இருந்தது என்பது தொடக்கத்தில் எழுந்த கேள்வி. அவர் பெற்ற வீர விருது அந்த உரிமையைத் தரவில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேலாக நோயாளரின் அருகே நின்ற வாழ்வே தந்தது. அத்தகைய உரிமை, நோயுற்ற ஒருவரின் கையைப் பிடிக்கும் எவருக்கும் உண்டு.