நள்ளிரவுக் கோட்டிசோலும் நீங்காக் களைப்பும்: குடாநாட்டுக் கருத்தரங்கொன்றின் தலைமையுரை

நாட்பட்ட களைப்பு நோயை ஆராய யாழ்ப்பாணத்தில் கூடியுள்ள இக்கருத்தரங்கின் முன் நிற்கும் முதல் வினா, இரவில் கோட்டிசோல் உயர்ந்திருப்பதாகக் கூறும் ஓர் ஆய்வுகூட அறிக்கையை எவ்வாறு வாசிப்பது என்பதாகும். சிறுநீரகங்களின் மேல் அமைந்த அதிரீனல் சுரப்பிகளின் புறப்பகுதியிலிருந்து, மூளையிலுள்ள பரிவகக்கீழும் கபச்சுரப்பியும் இடும் கட்டளைப்படி சுரக்கும் ஓமோனே கோட்டிசோல். அது விழித்தெழுந்த அரைமணி நேரமளவில் உச்சத்தை எட்டிப் பகல் முழுவதும் படிப்படியாகத் தாழ்ந்து, உறங்குபவரின் நள்ளிரவில் மிகக் குறைந்த நிலையை அடைகிறது. எனவே எடுக்கப்பட்ட நேரமும் அன்றைய உறக்கமும் குறிக்கப்படாத கோட்டிசோல் அளவுக்கு மருத்துவப் பெறுமதி மிகச் சொற்பம்.

அதிரீனல் சுரப்பி பழுதடைந்தால் உடல் எவ்வாறு சோர்ந்து மெலிந்து கருமையடைகிறது என்பதை இலண்டன் மருத்துவர் தோமஸ் அடிசன் 1855இல் நூலாக வெளியிட்டார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்துவந்த காலமும் அதுவே. அடிசன் கண்ட நோயாளர் பலரின் சுரப்பிகளைச் சிதைத்தது காசநோய். இன்றும் நம் சூழலில் நீங்காக் களைப்போடு உப்புக்கு ஏங்குபவரையும், எழுந்து நின்றால் தலைசுற்றுபவரையும், முரசும் உள்ளங்கை இரேகைகளும் கறுத்தவரையும் காணும்போது அடிசன் விவரித்த அந்நோயையே முதலில் ஐயுற வேண்டும். வயல்வெளிகளில் முத்திரைப் புடையன் தீண்டிப் பிழைத்தவர்களிடம் வேறொரு வழியும் உண்டு. அதன் நஞ்சு கபச்சுரப்பியைச் சேதப்படுத்தி, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கோட்டிசோல் பற்றாக்குறையாக வெளிப்படக்கூடும் என்பது பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் முன்னரே அறியப்பட்டது. இலங்கையிலிருந்து முதல் நோயாளர் அறிக்கை 2011இல் வெளிவந்தது. களைப்போடு வருபவரிடம் பாம்புக்கடி பற்றிக் கேட்க அரைநிமிடம் போதும், ஆயினும் அது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

இவை உண்மையான கோட்டிசோல் பற்றாக்குறை நோய்கள். இவற்றுக்கு வெளியே, நீண்டகால மன அழுத்தத்தால் சுரப்பி வேலைசெய்து களைத்துப்போகிறது என்னும் ‘அதிரீனல் களைப்பு’க் கருத்து, மாத்திரைப் போத்தல்களின் துணையோடு உலகெங்கும் பரவியுள்ளது. 58 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2016ஆம் ஆண்டின் பிரேசில் மீளாய்வு, அப்படியொரு நோய்க்கு ஆதாரமில்லை என்றே முடித்தது. நாட்பட்ட களைப்பு நோயில் பல ஆய்வாளர் கண்டது கோட்டிசோலின் சிறு குறைவையும் பகல்–இரவு வேறுபாடு மழுங்குவதையுமே. இரவு உயர்வு உறக்கமின்மையிலும் கடும் மனச்சோர்விலும் அடிக்கடி காணப்படுகிறது. நாட்பட்ட களைப்பு நோயாளருக்கு ஐதரோகோட்டிசோன் கொடுத்துப் பார்த்த 1998ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், கிடைத்த பயன் சிறிதாகவும், அவர்களின் சொந்தச் சுரப்பிகள் அடங்கிப்போன தீங்கு பெரிதாகவும் இருந்தமையால் அச்சிகிச்சை பரிந்துரைக்கப்படவில்லை.

அப்படியாயின் உயர்ந்த எண் எங்கிருந்து வருகிறது? கோட்டிசோல் மிகைப்பால் விளையும் குஷிங் நோயைத் தேடும்பொழுது, இரவு 11 மணியளவில் உமிழ்நீரைச் சிறு பஞ்சுருளையில் ஊறவைத்துக் குழாயில் அடைத்து, மறுநாள் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது வழக்கம். புதிதாக விடுதியில் சேர்ந்த நோயாளியின் அச்சமே அளவை உயர்த்திவிடும் என்பதால், வீட்டிலேயே எடுக்கக்கூடிய இம்முறை விரும்பப்படுகிறது. ஆயினும் வீட்டிலும் பொறிகள் உண்டு. இருமலுக்குக் குடிக்கும் கசாயத்திலுள்ள அதிமதுரம் கோட்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதியத்தைத் தடுப்பதால் உமிழ்நீரில் அளவு பொய்யாக உயர்கிறது. புகைப்பவர்களிடமும் உயர்வு காணப்படுகிறது. குருநகரிலும் மயிலிட்டியிலும் இரவில் கடலுக்குப் போகும் தொழிலாளிக்கு நள்ளிரவு என்பது பகல்தான், ஆகவே அவருக்கு இச்சோதனையே பொருந்தாது. இலண்டனில் மாலை ஏழு மணி கோடையில் இங்கு இரவு பதினொன்றரை. வேலைவிட்டு வந்த மகளின் அழைப்புக்காகக் கைப்பேசியோடு விழித்திருக்கும் தாயின் குழாயில் எந்த எண் வந்தாலும் வியப்பில்லை.

இதற்கும் பின்னால் ஒரு தலைமுறையின் இரவுகள் உள்ளன. 1990க்குப் பின் பல ஆண்டுகள் மின்சாரமின்றி ஜாம்போத்தல் விளக்கில் இரவைக் கழித்தவர்களுக்கும், ஷெல் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பிள்ளைகளை இறக்கியவர்களுக்கும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தைவிட்டு ஒரே இரவில் நடந்தவர்களுக்கும், அரைத்தூக்கமே உயிர்காக்கும் பழக்கமாயிருந்தது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், துயரம் உடல்முறைப்பாடாகவே வெளிப்படுவதையும், ஜபம், சாந்தியாசனம் போன்ற பழகிய வழிகள் தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுவதையும் எழுதியுள்ளார். அத்தகைய வழிகளுக்கு இரவு கோட்டிசோலுக்கான மாத்திரைகளைவிட முன்னிடம் தரப்பட வேண்டும் என்பதே இவ்வுரையின் நிலைப்பாடு.

குருதிச்சோகை, தைரொயிட் குறைவு, நீரிழிவு, காசநோய், மனச்சோர்வு என்பவை விலக்கப்பட்டபின், ஆறுமாதத்துக்கு மேற்பட்ட களைப்போடு சிறு உழைப்புக்குப் பின்னும் நாட்கணக்கில் நிலைகுலைவது காணப்பட்டால் அது நாட்பட்ட களைப்பு நோயாகக் கொள்ளத்தக்கது. அந்நோயாளரை ‘நடந்தால் சரியாகும்’ என்று வற்புறுத்துவது கூடாது; படிப்படியாக உயர்த்தும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாதென்று பிரித்தானிய வழிகாட்டியும் 2021இல் கூறியது. அன்றாடச் சக்திக்குள் வேலையை அடக்குதல், ஒரே நேரத்தில் விழித்தல், காலை வெயிலில் முற்றத்தில் சிறிது நேரம் இருத்தல், பின்னேரத்துக்குப் பின் பிளேன்ரீயை விடுதல் ஆகியவை எளியவையே எனினும், இரவின் ஒழுங்கை மீட்பதில் மருந்தைவிட நம்பத்தக்கவை.

கருத்தரங்கு மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் வேறொன்று. 2006இன் இறுதியில் பரவிய சிக்குன்குன்யாவுக்குப் பின் மாதக்கணக்கில் மூட்டுவலி நீடித்தது. அத்தகைய வலிக்கு வாங்கி விழுங்கப்படும் பிறெட்னிசலோன், டெக்சாமெதசோன் வகை ஸ்ரெரொயிட்டுகள் சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், உடலின் சொந்தச் சுரப்பை அடக்கிவிடுகின்றன. வலி தணிந்ததும் நோயாளி அவற்றைத் திடீரென நிறுத்த, களைப்பும் வாந்தியும் குருதியழுத்த வீழ்ச்சியும் தொடர்கின்றன. அவற்றைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காய்ச்சலின்போது அளவைக் கூட்ட வேண்டும். நீண்டகாலம் அருந்துபவர் ஒவ்வொருவரின் பணப்பையிலும் மருந்தின் பெயரையும் அளவையும், நிறுத்தக்கூடாதென்னும் எச்சரிக்கையையும் தமிழிலும் சிங்களத்திலும் தாங்கிய அட்டை இருக்க வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் மயங்கிய நிலையில் ஏற்றப்படுபவரால் தம் மருந்தைச் சொல்ல இயலாது. அவ்வட்டையின் வரைவு இன்றைய முதலாவது அமர்வில் வைக்கப்படுகிறது.