மின்சாரக் கட்டண உயர்வும் வீட்டுக்காரர் கடமையும்

(நம் சங்கத்தின் வண்டலூர்க் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மின்சாரக் கட்டணமும் தண்ணீர்ச் செலவும் உயர்ந்து வருவதைக் கண்டித்துப் பேசுமாறு காரியதரிசி எம்மைப் பணித்தார். கண்டித்தல் எளிது. தீர்மானம் ஒன்றை நிறைவேற்றிக் காப்பி அருந்தி வீடு திரும்புதல் அதனினும் எளிது. 2022-ம் ஆண்டு ஆகஸ்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோயம்புத்தூர், மதுரை, சென்னை என்னும் மூன்று நகரங்களில் பொதுமக்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. இங்கிருந்து ரயிலேறினால் சென்னை எவ்வளவு தூரம்? நம்மவருள் எவர் போனார்? யாமும் போகவில்லை.

உயர்வுக்குக் காரணமே இல்லையென்று சொல்லவும் எமக்கு நா எழவில்லை. 2017-ல் உதய் திட்டத்தின்கீழ் மின் பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயைச் சர்க்காரே தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னும் கடன் தீர்ந்தபாடில்லை. அது நிற்க.

2022 செப்டம்பர் 10-ந் தேதி அமுலுக்கு வந்த விகிதத்தைச் சற்றே கவனியுங்கள். இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. அதன்மேல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் ஆகும். முன்னர் இது 1,130 ரூபாயாக இருந்தது. 500-ஐத் தாண்டியவர்க்கோ 2 ரூபாய் 25 காசுப் படி இல்லை. 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு, 500-க்கு மேல் 8 ரூபாய் என ஏறும். 501-வது யூனிட் ஒன்றினால் மட்டும் கட்டணம் 1,958 ரூபாய் ஆகிறது! 2022-க்கு முன் இப்படி இன்னும் செங்குத்தாயிருந்தது என்பதையும் நியாயத்தின்பொருட்டுச் சொல்லிவிடுகிறோம். 2024 ஜூலையில் விகிதம் மீண்டும் 4.83 சதவிகிதம் ஏறியது; 2025 ஜூலை உயர்வில் வீடுகளுக்கு விலக்களிக்கப்பட்டது.

இனி எம் வீட்டுக் கதையைக் கேளுங்கள். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பஸ் நிலையம் திறந்தது முதல் இப்பக்கம் வாடகைக்கு வருவோர் பெருகினர். எம் வீட்டிலும் கீழே நாம், மாடியில் இரண்டு குடித்தனங்கள். மூன்று வீட்டுக்கும் மீட்டர் ஒன்றே. சொல்லிய 2022 விகிதத்திலேயே வைத்துக்கொள்வோம். மூவரும் ஆளுக்கு 200 யூனிட் செலவழித்தால், தனித்தனி மீட்டரிருப்பின் ஒவ்வொருவருக்கும் 225 ரூபாய்தான்; மொத்தம் 675. ஒரே மீட்டரிலோ அது 600 யூனிட். கட்டணம் 2,750 ரூபாய்! நாம் செய்தது யாது? மாடியிலிருப்போர் இருவரிடமும் யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம், ஆளுக்கு 1,600 ரூபாய் வாங்கினோம். 3,200 வந்தது, 2,750 கட்டினோம். நம் வீட்டு விளக்கு இனாமாக எரிந்தது. மேற்கொண்டு 450 ரூபாய் மடியில் விழுந்தது. 225 ரூபாய் கொடுக்கவேண்டியவர் 1,600 கொடுத்தார். இந்த 1,375 ரூபாயை ஏற்றியது ஆணையமா, நாமா?

மாடியிலிருந்தவருள் ஒருவர் நம் குலத்தவரே. கல்யாணத்தில் பந்தியில் நம்மோடு ஒன்றாய் அமர்பவர். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வோமென்று அஞ்சியிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. மற்றவர் நம் குலத்தவரல்லர். அவரிடம் வாங்கியது மட்டும் நியாயமாகிவிடுமோ?

தண்ணீரும் இதனுள் அடங்கியதே. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது பக்கத்துப் பீர்க்கன்காரணை அதிற் சேர்ந்தது, வண்டலூர் சேரவில்லை. ஆழ்துளைக் கிணறே நம்மிற் பலருக்குக் கதி. அந்நீர் தொட்டிக்கு ஏறுவது மோட்டாரினால். எனவே மின்சாரம் உயரும்போதெல்லாம் தண்ணீரும் விலை உயர்கிறது. அடுக்குமாடி வீடுகளின் பொதுமோட்டாருக்கு 2022-ல் யூனிட் 8 ரூபாய் விதித்தனர். பத்து வீடுகளுக்கு மேற்படாமல், மூன்று மாடிக்குள், லிப்டு இல்லாத கட்டிடங்களுக்கு 2023-ல் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைந்தது. குறைந்த பின்னும் பழைய கணக்கிலேயே பராமரிப்புப் பணம் வாங்கும் வீட்டுக்காரர் இக்கூட்டத்தில் உளர். பெயர் சொல்லோம், அவர்கள் இப்போது தரையை நோக்குகின்றனர்.

நம் வேண்டுகோள் இவ்வளவே. தனிக் குடித்தனத்திற்குத் தனி மீட்டர் கேட்டு மனுச் செய்யுங்கள். டெபாசிட்டுப் பணம் வீட்டுக்காரரதே. அதனைக் குடியிருப்போர்மேற் சுமத்தலாகாது. தனி மீட்டர் வரும்வரை, வந்த கட்டணத்தை யூனிட் வாரியாய்ப் பங்கிட்டு, அட்டையைக் குடியிருப்போர் கண்ணிற் படும்படி வாசலில் தொங்கவிடுங்கள். ஆட்சேப மனு எழுதுவதையும் விட்டுவிட வேண்டாம். அடுத்த முறை ஆணையம் கூடுங்கால் ஐவரேனும் செல்வோம். அங்கே நம்மை நோக்கி, “நீங்கள் என்ன விலைக்கு விற்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டால் விடை சொல்லவேண்டுமன்றோ?

நம் வீட்டு மீட்டர் அட்டை இதோ மேஜைமேலிருக்கிறது. மாடியிலிருப்போர்க்குத் திருப்பித் தரவேண்டிய தொகையும் அதன் பின்புறம் எழுதப்பட்டுள்ளது. காரியதரிசி நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருக்கிறார். வாடகைக்கு வீடு விட்டிருப்போர் கூட்டம் கலையுமுன் தம் பெயரைப் பதிந்து செல்லலாம்.