துவாரத்தில் அற்புதம் உண்டா?

(கொடைரோட்டில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஓட்டை. சிரிக்க வேண்டாம். கூரை ஓட்டை, சல்லடைக் கண், கதவிடுக்கு ஆகிய இவற்றின் வழியே வெளிச்சம் எப்படி நுழைகிறது என்பதை அறியாததால் நம் மக்கள் பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல. அறியாமை உள்ள இடத்தில் பயம் குடியேறுகிறது. பயம் குடியேறிய வீட்டைத் தேடிப் பணம் பறிப்பவனும் வந்துவிடுகிறான்.

2019 டிசம்பர் 26-ந் தேதி நம் திண்டுக்கல்லில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. சந்திரன் நடுவே மறைக்க, சூரியனின் ஓரம் மட்டும் வளையமாக எரிந்தது. அன்று பல கோவில்களில் நடை சாத்தினார்கள். எத்தனையோ வீடுகளில் கர்ப்பவதிகளை உள்ளே அடைத்து, ஜன்னலையும் மூடினார்கள். கேட்டால், கிரகண வெளிச்சம் பட்டால் பிள்ளை ஊனமாகும் என்றார்கள்.

அதே நேரத்தில் மரத்தடியில் என்ன நடக்கும் தெரியுமா? இலைகளின் சந்து வழியே விழும் வெளிச்சமெல்லாம் தரையில் வளையம் வளையமாகக் கிடக்கும். இலைச் சந்து சதுரமாகவும் இருக்கும், கோணலாகவும் இருக்கும். விழும் உருவமோ வளையம்தான்! காரணம் என்ன? சூரியனின் ஒவ்வொரு பாகத்திலிருந்தும் வெளிச்சம் நேர்கோட்டில் வந்து சந்தில் நுழைகிறது. மேற்பாகத்து வெளிச்சம் கீழேயும், கீழ்ப்பாகத்து வெளிச்சம் மேலேயும் விழுகிறது. ஆகவே சிறு சந்தானால் தரையில் எழுதப்படுவது சந்தின் உருவமல்ல, சூரியனின் உருவமே. பத்தடி உயரத்துக் கூரையில் ஒரு பொட்டு ஓட்டை இருந்தால் தரையில் சுமார் ஓர் அங்குல அகலத்தில் சூரியனைக் காணலாம்.

சூரியனை நேரே வெறுங்கண்ணால் பார்த்தால் கண் கெடும். அது ராகு கேதுவின் வேலையல்ல. கிரகணமில்லாத நாளிலும் கெடும். தரையில் விழும் உருவத்தைப் பார்ப்பதால் யாதொரு கெடுதியும் இல்லை. அடைத்து வைக்கப்பட்ட அந்தப் பெண், தன் வீட்டுக் கூரை ஓட்டையைக் கொண்டே ஆகாயத்தின் கணக்கைக் கண்டிருக்கலாம். அந்த உரிமையைப் பறித்தது யார்? கிரகணமா, நம் மடமையா?

நிற்க. ஓட்டையை மேலும் மேலும் சிறிதாக்கினால் என்ன ஆகும்? வெளிச்சம் ஓர் அலை. ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் இரண்டாயிரம் அலைகள் அடங்கும். மிகக் குறுகிய இடுக்கில் நுழைந்தால் அது நேர்கோட்டை விட்டு இருபுறமும் விரிந்து, வெளிச்சமும் இருட்டுமாக வரிகளைக் காட்டும். இடுக்கு குறுகக் குறுக விரிவு அதிகமாகும். அப்போதுதான் ஓட்டையின் வடிவம் தன் வேலையைக் காட்டுகிறது. சென்னை மாகாணக் கல்லூரியில் மாணவராயிருந்த சி. வி. ராமன், நீள்சதுரத் துவாரத்தின் இந்த வரிகள் இருபுறமும் சமமில்லாமல் வருவதைக் கண்டு எழுதிய கட்டுரை 1906-ல் லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

இதோ, நம் ரயிலடியில் இறங்கி மலையேறுகிறார்களே, அந்தக் கொடைக்கானலில் 1899-ல் ஏற்பட்ட சூரிய ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே எவர்ஷெட் என்பவர் சூரியனின் உருவத்தை ஒரு மெல்லிய இடுக்கின்மேல் விழச் செய்து, உள்ளே நுழைந்த வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தார். சூரியனிலுள்ள கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுகின்றன என்று 1909-ல் கண்டுபிடித்தார். ஏழு குதிரை பூட்டிய தேரை அந்த இடுக்கு காட்டவில்லை!

இனி, அலை பெரிதாகவும் ஓட்டை சிறிதாகவும் இருந்தால்? மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடிக் கதவில் ஓட்டை போட்ட உலோகத் தகடு இருக்கிறது. ஒவ்வொரு கண்ணும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். உள்ளே சுற்றும் அலையின் நீளமோ 12 சென்டிமீட்டர். ஆகவே அந்த அலை வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்புகிறது. வெளிச்சமோ தாராளமாக வந்து, வேகும் சோற்றை நமக்குக் காட்டுகிறது. ஒரே சல்லடை ஒன்றுக்கு வாசல், ஒன்றுக்குச் சுவர்!

நீண்ட இடுக்கானால் சங்கதி வேறு. ஜகதீச சந்திர போஸ், 1890-களில் கல்கத்தாவில் இத்தகைய சிற்றலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். ரயில் நேர அட்டவணைப் புத்தகம் ஒன்றின் ஏடுகளுக்கிடையே ஈயத்தாள்களைச் செருகி, அதையே கருவியாக்கினார். அலையின் மின் அதிர்வு தாள்களுக்குக் குறுக்காக இருந்தால் நுழையும். தாள்களின் வாக்கில் இருந்தால் தடைபடும். புத்தகத்தைக் கால் வட்டம் திருப்பினால் போதும், திறந்த வாசல் மூடிக்கொள்ளும். மந்திரம் வேண்டியதில்லை, ஒரு ரயில் அட்டவணையே போதும்!

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இன்று கைப்பேசியின் கதிரைத் தடுக்கும் என்று சொல்லி, நகத்தளவு வில்லை ஒன்றை ஒட்டிக்கொள்ளும்படி விற்கிறார்கள். அலையை அது முழுக்கத் தடுத்தால் கைப்பேசி பேசுமா? வழக்கம்போல் பேசுகிறதென்றால் அது எதைத் தடுத்தது? தாயத்தை அரையிலிருந்து அவிழ்த்துக் கைப்பேசியில் கட்டிக்கொண்டோம், அவ்வளவுதான்.

தோழர்களே! ஓட்டையின் அளவென்ன, வடிவென்ன, அலையின் நீளமென்ன, அதிர்வின் திசையென்ன என்ற கணக்குத்தான் உண்டு. பார்ப்பவர் ஜாதியையும், நாள் நட்சத்திரத்தையும் அந்தக் கணக்கு கேட்பதில்லை. அடுத்த கிரகணத்தன்று அட்டையில் ஊசியால் ஓர் ஓட்டை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அதன் வழியே தரையில் விழும் உருவத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அடைத்து வைத்திருக்கும் கர்ப்பவதியையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். வாயால் சொல்லும் நூறு சமாதானங்களைவிட அந்த ஓர் ஓட்டை அதிக வேலை செய்யும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.