பசுவின் ஏப்பமும் பால் கணக்கும்
(செங்கல்பட்டு வட்டாரப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டம் ஒன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தை நீங்க பார்த்திருப்பீங்க, செல்போனில் படமும் எடுத்திருப்பீங்க. அங்கே ஒருவர் பால் கறக்கிறார், பசு தன் கன்றை நக்கிக்கொண்டு நிற்கிறது. 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பம். கன்று கிட்ட இருந்தால் பசு நன்றாகச் சுரக்கும் என்று அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. கண்டிப்பா மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைதான் என்று நான் நினைச்சுக்குவேன்.

அந்தப் பசு மேலே இன்னைக்கு ஒரு புகார் இருக்கு. பூமி சூடாவதற்கு மாடும் ஒரு காரணம் என்கிறாங்க. திருக்கழுக்குன்றம் பக்கம் இரண்டு மாடு வைத்திருக்கிற ஒரு அம்மா, வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை என்னிடம் காட்டி, "டாக்டர், நாளைக்கு மாட்டுக்கும் வரி போட்டுடுவாங்களா?" என்று கேட்டாங்க. சிரிச்சுட்டு வர முடியல. பிள்ளைகளின் படிப்புச் செலவு அந்தப் பாலில்தான் ஓடுது.

அவங்க பயம் வெறும் வதந்தியும் இல்லை. கால்நடை விடும் வாயுவுக்கு 2030 முதல் வரி என்று டென்மார்க் 2024-ல் முடிவெடுத்தது. அதே ஆண்டில் நியூசிலாந்து, இதுபோல் கட்டணம் போடும் தன் திட்டத்தைக் கைவிட்டது. மீத்தேனைக் குறைப்போம் என்று பல நாடுகள் 2021-ல் கிளாஸ்கோவில் போட்ட உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. இங்கே மீத்தேன் பெரும்பாலும் மாட்டிலிருந்தும் நெல் வயலிலிருந்தும் வருது, அது சிறு விவசாயியின் பிழைப்பு என்பது அரசு சொன்ன காரணம். எனக்கு அது நியாயமாகத்தான் படுது. ஆனா அதனால நாம கணக்கே பார்க்க வேண்டாம் என்று ஆகாதுங்க.

மாட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கு. நம்மால் செரிக்க முடியாத வைக்கோலை அவைதான் உடைச்சுத் தருது. அப்போது உண்டாகும் ஹைட்ரஜனைச் சில நுண்ணுயிர்கள் மீத்தேனாக மாற்றும். மாடு அதை ஏப்பமாக விடும். பின்பக்கம் வழியா என்று பலரும் நினைக்கிறாங்க, பெரும்பகுதி வாய் வழியாத்தான். தின்ற தீவனத்தின் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படிப் போகுது. அதாவது, நீங்க காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கும் தவிடும் கொஞ்சம் காற்றில் கரையுது. வானிலை மாற்றம் இருக்கட்டும், முதல் நஷ்டம் உங்களுக்கு.

இப்ப செல்போனில் கால்குலேட்டரைத் திறங்க. இந்தியத் துணைக்கண்டத்தின் கறவைப் பசு ஒன்று ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் விடும் என்று ஐ.பி.சி.சி. 2006-ல் ஒரு சராசரி கொடுத்தது. 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு சூடாக்கும். 58-ஐ 28-ஆல் பெருக்கினால் 1,624 கிலோ. தினமும் 5 லிட்டர், 300 நாள் கறக்கிற மாடு தருவது 1,500 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேலே வருது. 10 லிட்டர் கறந்தால்? மாடு கூடுதலாகத் தின்னும், மீத்தேனும் கொஞ்சம் ஏறும், ஆனால் இரண்டு மடங்கு ஆகாது. அதனால் லிட்டர் கணக்கு இறங்கும்.

சினை பிடிக்காமல் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் நிற்கிற மாடு ஏப்பத்தை மட்டும் நிறுத்துவதில்லை. பால் இல்லை, தீவனம் போகுது, வாயுவும் போகுது. அதனால என் கணக்கில், சினைப்பருவத்தைச் சரியா கவனிச்சு, நேரத்துக்குச் சினை ஊசி போடுவதுதான் மலிவான சுற்றுச்சூழல் வேலை. கத்துகிற நேரத்தைப் போனில் குறிச்சு வையுங்க. மூன்று முறை ஊசி போட்டும் நிற்கலைன்னா நாலாவது ஊசிக்கு முன்னாடி மாட்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்க.

தீவனத்திலும் வேலை இருக்கு. பெங்களூருவில் இருக்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், டானின் நிறைந்த தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற துணைத்தீவனத்தை உருவாக்கியது. அது மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்கிறாங்க. நம்ம பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. பாக்கெட் வாங்குவதற்கு முன்னாடி, வெறும் வைக்கோலோடு வேலிமசால், அகத்தி மாதிரி பசுந்தீவனமும் தாது உப்பும் சேர்க்கிறீங்களா என்று பாருங்க. சமச்சீர் தீவனம் தின்கிற மாட்டுக்கு லிட்டருக்கு வருகிற மீத்தேன் குறைவு.

கடற்கரை ஊர்க்காரங்களுக்குத் தனியா ஒன்று சொல்லணும். வெயில் ஏறினால் கலப்பினப் பசு தீனியைக் குறைக்கும், மூச்சு வாங்கும், பால் இறங்கும். பால் இறங்கினால் லிட்டர் கணக்கு மறுபடி ஏறும். சூடு மாட்டைக் கெடுக்குது, கெட்ட மாட்டின் கணக்கு சூட்டைக் கூட்டுது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் காற்றில் ஈரம் அதிகம். மூடின கொட்டகையில் தண்ணியை மட்டும் தெளிச்சால் ஈரந்தான் கூடும், மாடு குளிராது. காற்று ஓடணும், இல்லைன்னா மின்விசிறி வேணும். தகரக் கூரைக்கு மேலே கீற்று போடுங்க, அது எங்க தாத்தா காலத்து வைத்தியம்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது ஞாபகம் இருக்கும். புயல் மழையில் நனைந்த வைக்கோல் போரைப் பிரிச்சுப் பாருங்க, பூஞ்சை பிடித்ததை மாட்டுக்குப் போடாதீங்க. போரை மேடான இடத்தில் போட்டு, தார்ப்பாய் மூடுங்க.

சாணம் பற்றி ஒரு வார்த்தை. குழியில் தண்ணியோடு ஊறுகிற சாணம்தான் அதிகம் மீத்தேன் விடும், காய்ந்த வறட்டி அப்படி இல்லை. நாலைந்து மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலன் கட்டலாம். அதே மீத்தேன் உங்க அடுப்பில் எரியும். இரண்டு மாட்டு வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது, சும்மா ஆசை காட்ட மாட்டேன்.

மாட்டுக்கு அவசரம் என்றால் 1962-க்கு அழைங்க, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். காதில் இருக்கும் 12 இலக்க எண்ணைப் படம் எடுத்து வச்சுக்கங்க.

அந்த அம்மாவிடம் நான் சொன்ன பதில்: "நம்ம நாட்டில் இப்போ அப்படி வரி எதுவும் இல்லம்மா. உங்க சிவப்பு மாடு கன்று போட்டு எத்தனை மாசம் ஆச்சு?" பதினாறு மாசம் என்றாங்க. இன்னும் சினை இல்லை. இந்தக் கூட்டம் முடிஞ்சதும் அங்கேதான் போறேன், அந்தப் பக்கம் போறவங்க யாராவது இருந்தா வண்டியில் ஏறிக்கங்க.