சாவி யார் கொடுத்தது?

(நம் குடியிருப்பின் காலாண்டுக் கூட்டத்தில், போக்குவரத்துக் காவலில் பணியாற்றி ஓய்வு பெற்ற சி பிளாக் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பத்து நிமிஷத்தில் முடிக்கச் சொல்லி செயலாளர் கையைக் காட்டிவிட்டார்.

போன மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு நம் கேட்டுக்கு வெளியே மூன்று பைக்குகள் வீலிங் போட்டன. மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிய பி பிளாக் அம்மா பயந்து ஒதுங்கப் போய் விழுந்தார். கைக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அன்றைக்கு நம் வாட்ஸ்அப் குரூப்பில் "போலீஸ் என்ன செய்கிறது?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஸ்டேஷனுக்குப் போன் செய்தவர் ஒருவரும் இல்லை.

போலீஸுக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தில் 184ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதற்கு. பொது ரோட்டில் ரேஸ் விட்டால் 189. முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். ஆபத்தாக ஓட்டுவது கண் முன்னால் நடந்தால், சீருடையில் இருக்கும் காவலர் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். லைசென்ஸைப் பிடுங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். லைசென்ஸ் இல்லாதவனோ வயது வராதவனோ ஓட்டினால் 207ஆம் பிரிவில் வண்டியையே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகலாம். சைலன்ஸரை மாற்றிச் சத்தம் எழுப்பினாலும் கேஸ் உண்டு.

இதெல்லாம் காகிதத்தில்தானே என்பீர்கள். டி.டி.எஃப். வாசனை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் தாமல் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்தார். கையும் உடைந்தது, கைதும் ஆனார். அக்டோபரில் உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது, நவம்பரில்தான் கிடைத்தது. அவருடைய லைசென்ஸைப் பத்து வருஷத்துக்கு, அதாவது 2033 வரை, ரத்து செய்தார்கள். அவரைப் பார்த்து வீலிங் பழகின பையன்களிடம் இந்தப் பத்து வருஷத்தைச் சொன்னால், "அப்படியா அங்கிள்?" என்கிறார்கள். அந்த வீடியோவை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை போலிருக்கிறது.

இனி நமக்கு வலிக்கிற விஷயம். அந்த மூன்று வண்டியில் ஒன்று நம் பார்க்கிங்கில் நிற்கிற வண்டி. ஓட்டியவனுக்கு வயது பதினாறு. பெயர் சொல்லப் போவதில்லை.

2019 திருத்தத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், குற்றவாளி பெற்றோரும் வண்டியின் உரிமையாளரும்தான். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்த வண்டியின் ஆர்.சி. பன்னிரண்டு மாதம் ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. இங்கே நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலில் இருப்பவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு வருஷம் ஆர்.சி. இல்லாத வண்டி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

"எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான்" என்று சொல்லித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். தெரியாது என்பதையோ, தடுக்க வேண்டிய முயற்சியெல்லாம் எடுத்தீர்கள் என்பதையோ நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தினமும் டியூஷனுக்கு அதே வண்டியில் போய் வருவது நம் கேட் கேமராவில் இருக்கிறதே! பதினாறு வயதில் லைசென்ஸ் உண்டே என்று ஒருவர் லிஃப்டில் கேட்டார். அது 50 சி.சி.க்குள், கியர் இல்லாத வண்டிக்கு. நம் பார்க்கிங்கில் நிற்கிற பெட்ரோல் ஸ்கூட்டர் எதுவும் அந்தக் கணக்கில் வராது.

2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே காரில் அடிபட்டு இரண்டு இளம் இன்ஜினியர்கள் செத்தார்கள். பையனை முதலில் முந்நூறு வார்த்தைக் கட்டுரை எழுதச் சொல்லி விட்டதை ஊரே பேசியது. சில நாளில் அப்பா கைதானது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

காம்பவுண்டுக்குள் வேகமாக ஓட்டினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கேட் போட்டு வாட்ச்மேன் வைத்த இடம் 'பொது இடமா' என்று வாதம் வரும். ஆனால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவு இருக்கிறது. அதற்குக் கேட் உள்ளே, வெளியே என்ற பேதமில்லை.

போலீஸ் வருவதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள் என்பது உண்மைதான். அதனால் நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி வீடியோ, தேதி, மணி இந்த மூன்றையும் வைத்துப் புகார் கொடுங்கள். ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். அது 133ஆம் பிரிவு. துரத்திப் போகாதீர்கள். பையனை இழுத்து வைத்து அடிக்காதீர்கள், அப்புறம் கேஸ் உங்கள் மேல் திரும்பும்.

"நம்ம வீட்டுப் பையன் மேலேயே கம்ப்ளைன்ட் கொடுக்கவாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. முதல் தடவை அவன் அப்பாவுக்குப் போன் போடுங்கள். அடுத்த தடவை 100க்குப் போடுங்கள். அந்தப் பையனின் அப்பா நேற்று என் வீட்டுக்கு வந்திருந்தார். வண்டிச் சாவி இப்போது அவர் பீரோவில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பையனோடு பி பிளாக் அம்மாவைப் பார்க்கப் போகிறார்.