பறங்கிக்காயும் ஃபரங் கொய்யாவும்

இந்த எபிசோட் ஒரு திருத்தத்தோட தொடங்குது. தாய்லாந்து பத்திப் பேசினப்போ, 'ஃபரங்'னா தாய் மொழியில வெள்ளைக்காரர், பிரான்ஸுக்கு அவங்க சொல்ற 'ஃபரங்செத்' சுருங்கி அப்படி ஆச்சுன்னு சொல்லியிருந்தேன். அது தப்பு. அங்கே நிறைய பேர் அப்படித்தான் சொல்வாங்க. நானும் சரிபார்க்காம ஒப்பிச்சிட்டேன். திண்டிவனத்திலிருந்து ஒரு நேயர் ஒரே வரியில் கேட்டிருந்தார்: "அப்போ நம்ம பறங்கிக்காய்?"

விழுப்புரத்துக்காரன் நான். சாம்பார்ல பறங்கிக்காய், மார்கழியில கோலத்து நடுவே சாணி உருண்டை மேல பறங்கிப்பூ. எனக்கு இது தோணவே இல்லை பாருங்க.

ஐரோப்பாவில் ஃபிராங்க் என்று ஓர் இனம் இருந்தது. பிரான்ஸுக்குப் பேர் கொடுத்ததும் அவங்கதான். அரபு மக்கள் மேற்கிலிருந்து வந்த எல்லாரையும் அந்தப் பேராலேயே கூப்பிட்டாங்க. பாரசீகத்தில் அது 'ஃபரங்', 'ஃபரங்கி' ஆச்சு. கடல் வியாபாரிகளோட சேர்ந்து சொல்லும் கிழக்கே பயணம் போச்சு. போர்ச்சுகீசியர் 1511-லேயே அயுத்தயாவுக்குத் தூதர் அனுப்பிட்டாங்க. பிரெஞ்சுப் பாதிரிமார் அங்கே போனது 1662-ல். ஆக ஃபரங்செத் அப்பா இல்லை, பங்காளி. தமிழ்ல அதே சொல் பறங்கி. பறங்கிப்பேட்டை, பறங்கிமலை எல்லாம் அந்த வழிதான்.

தாய் மொழியில் கொய்யாவும் ஃபரங்தான். உருளைக்கிழங்கு 'ஃபரங் கிழங்கு'. சூயிங்கம் 'ஃபரங் பாக்கு'! எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். வெத்தலை பாக்கு மென்ன ஊர், வேற எப்படிப் பேர் வைக்கும்?

கவனிங்க, கொய்யா, உருளை, பறங்கி மூணுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. டெலிவரி பண்ணவன் பேரை பார்சல்ல ஒட்டின கதை. திண்டிவனமே திந்திருணி வனம், அதாவது புளியங்காடு என்பாங்க. அந்தப் புளிக்கு அரபியில 'இந்தியப் பேரீச்சை'ன்னு பேர். டாமரிண்ட் அதிலிருந்து வந்தது. ஆனா புளியமரத்தோட பூர்வீகம் ஆப்பிரிக்கா. நாமளும் யாருக்கோ டெலிவரி பாய்.

இப்போ கஷ்டமான கேள்வி. பாங்காக்கில் இருக்கிற என் அமெரிக்க சகா ஒருத்தர், "தெருவுல ஃபரங்னு கூப்பிடுறது திட்டா?"ன்னு கேட்டார். நான் அன்னைக்கு "சும்மா, பிரெஞ்சுக்காரன்னு அர்த்தம்"னு சிரிச்சு முடிச்சிட்டேன். பெரும்பாலும் திட்டு இல்லைதான். ஆனா 'ஃபரங் கீ நொக்'னு ஒண்ணு உண்டு. 'கீ நொக்'னா பறவை எச்சம். அது ஒரு சின்னக் கொய்யா வகையோட பேர். அழுக்கா, காசில்லாம சுத்துற வெள்ளைக்காரரை இளக்காரமா சொல்றதும் அதே பேர்தான்.

நம்ம சொல்லும் சுத்தமில்லை. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி, தான் பறங்கியே இல்லை, ரோமிலிருந்து வந்தவன்னு வாதாடினார். அன்னைக்குப் பறங்கின்னா மாடு தின்னுறவன், குடிக்கிறவன், தீண்டக்கூடாதவன். மேகப்புண்ணுக்குப் 'பறங்கிப்புண்'னு பேர் வெச்சதும் நாமதான். அதே சொல் இலங்கையில பறங்கியர்னு ஒரு சமூகத்தோட பேராவே நிக்குது.

இதையெல்லாம் அந்த சகாவுக்கு எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: "என் மாமியார் நேத்து கொய்யா வெட்டிக் கொடுத்துட்டு, ஃபரங் ஃபரங்கைத் தின்னுதுன்னு சிரிச்சாங்க. இது எந்தக் கணக்கு?"

கொங்குப் பக்கம் இந்தக் காய்க்கு அரசாணிக்காய்னு பேர். உங்க ஊர்ல என்ன? எழுதுங்க.